கோழிக்கால் குறி

"உங்கம்மா குந்துறதுக்கு ஃபர்ஸ்ட் குவாலிட்டி கேக்குதா?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் இந்த நினைவு மலரை இப்போது கையில் வைத்திருப்பார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் அது தாய்மாமனுக்கு உரிய இடம். அதை நான் மறுக்கவில்லை. மாமா, சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகவே படியுங்கள்.

இதன் அச்சுச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாக மாமா சொல்லியனுப்பினார். வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு போடலாம் என்றாராம். நான் வேண்டாம் என்றேன். இது சாதாரணத் தாள், என் சம்பளத்தில் அடித்தது. அவர் காசில் அடித்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது.

அம்மா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்கவில்லை. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும். அண்ணனை ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அம்மாவை அனுப்பவில்லை. அண்ணனின் சிலேட்டைக் கழுவிக் கொடுப்பது அம்மாவின் வேலை. எழுத்தை அம்மா தொட்டது அழிப்பதற்கு மட்டும்தான்.

கல்யாணம் ஆகி விருத்தாசலம் வந்தார். அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் தொழிலாளி. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அதற்குப் பல வருஷம் முன்பே அதே கம்பெனியில் மண் சுமக்கச் சேர்ந்திருந்தார். அப்பா இருந்தபோதே, மண் சுமந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது அவருடைய காது.

சூளையில் வெந்து ஆறி வெளியே வரும் சரக்கைத் தட்டிப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நல்ல பீஸ் 'ணங்' என்று பாடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் 'டொப்' என்று அடைத்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருமுறை அம்மா மண் கூடையோடு நடந்துபோகும்போதே, வேறொருவர் தட்டி நல்லதென்று வைத்த பீஸைக் காட்டி, "அது போச்சிங்க" என்றாராம். முதலாளி அதில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் கீழே ஈரம். அன்றிலிருந்து அம்மா கையில் ஒரு கொய்யாக் குச்சி. இருபது வருஷம் அதே குச்சி.

குறையுள்ள பீஸில் மார்க்கர் பேனாவால் '2' என்று எழுதச் சொன்னார்கள். அம்மா போட்ட இரண்டு முதலில் சாய்ந்தது, பிறகு படுத்தது, கடைசியில் ஏழாகிவிட்டது. சூப்பர்வைசர் திட்டினார். அம்மா தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வைக்கு மட்டும் குறை, மெருகில் ஒரு பொட்டு, நிறத்தில் ஒரு திட்டு என்றால் அடிப்பாகத்தில் ஒரு புள்ளி. அது செகண்ட்ஸ்; பாதி விலைக்குப் போகும். சத்தத்திலேயே குறை என்றால் ஓரிடத்திலிருந்து பிரியும் மூன்று கோடுகள், கோழிக்கால். அது வெளியே போகவே கூடாது. உடைத்துக் கொட்ட வேண்டும். கம்பெனி முழுவதும் அந்தக் குறி பழகிவிட்டது. லோடு ஏற்ற வருகிறவர்கள், "இங்க கோழி மேஞ்சிருக்குது, தனியா வைய்யிடா" என்பார்கள். எழுதத் தெரியாத அம்மாவின் கையெழுத்து அந்தக் கோழிக்கால்.

அப்பா இருந்த காலத்திலேயே மாமா ஊரில் விவசாயம் நொடித்துப்போய், ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். அப்போது ஒரே அறைதான் வீடு. அப்பாவும் மாமாவும் வாசலில் படுத்துக்கொள்வார்கள். புள்ளி வைத்த செகண்ட்ஸ் சரக்கை மொத்தமாக எடுத்து விற்கலாம் என்று வழி சொன்னது அம்மா. முதலாளியிடம் பேசி முதல் தள்ளுவண்டிச் சரக்கை வாங்கிக் கொடுத்ததும் அம்மா. பஸ் நிலையத்துக்கு வெளியே ஊறுகாய் ஜாடியும் அகல் விளக்கும் விற்றவர் இன்று கடலூர் சாலையில் இரண்டு மாடிக் கடை வைத்திருக்கிறார். டைல்ஸ், வாஷ்பேசின், கமோடு, ஏசி எல்லாம் உண்டு. மாமா உழைத்தார் என்பதையும் எழுதுகிறேன். எனக்குப் பொய் எழுத வராது.

எங்கள் இரு பக்க உறவிலும் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மூன்று வருஷம் செராமிக் டிப்ளமோ படித்த முதல் ஆளும் நான்தான். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. இதையெல்லாம் பெருமையோடுதான் எழுதுகிறேன். அம்மா என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நானும் தட்டறேன், நீயும் தட்டற. உனக்கு மட்டும் இன்னாத்துக்குப் பாப்பா ஏசி?" என்று கேட்டுச் சிரித்தவர்.

அம்மா சிக்கனக்காரர். எங்கள் வீட்டில் எந்தக் கோப்பையைக் கவிழ்த்தாலும் அடியில் ஒரு புள்ளி இருக்கும். தட்டு, ஜாடி, உப்புக் கிண்ணம், பூச்சட்டி எல்லாமே செகண்ட்ஸ். ஆனால் ஒன்றுகூட உடைந்து நான் பார்த்ததில்லை. எதற்குக் கூடுதலாகச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்பதில் அம்மாவுக்கு ஒரு தெளிவு இருந்தது. "பாக்கறதுக்குக் காசு குடுக்காத பாப்பா. தாங்கறதுக்குக் குடு" என்பார். எனக்குச் செருப்பு வாங்கும்போதும் அதுதான், எங்கள் கூரைக்கு ஷீட் மாற்றும்போதும் அதுதான்.

இருபது வருஷம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தட்டியதில் அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயின. எங்கள் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும் வகை. கதவுக் கொக்கியில் பழைய புடவையை முறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். பிறகு அதற்கும் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. எதிர் வீட்டு அக்கா போனில் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு குளியலறை கட்டி, நாற்காலி போல உட்காரும் வகைக் கமோடு போடுவது என்று முடிவு செய்தேன்.

"எனக்கு எதுக்கு? இன்னும் எத்தினி நாளைக்கி?" என்றார் அம்மா.

"எத்தினி நாளா இருந்தா என்னா, ஒரு நாளைக்கி நாலு வாட்டி போவணுமில்ல?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி. கம்பெனியில ஒண்ணு இருக்குது. ஓரத்துல ஒரு கறுப்புப் பொட்டு, அவ்ளோதான். புள்ளி வச்சிட்டேன். தட்னா ணங்குன்னு தெருக் கோடி வரைக்கும் கேக்கும். பாதி விலைக்கிக் குடுப்பாரு. உள்ள குந்திக்கினு பொட்டையா பாக்கப் போறேன்?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஃபர்ஸ்ட் வாங்கினால் கூடுதலாகப் போவது அம்மாவின் பத்து நாள் கூலி. அந்தப் பணத்தில் சுவரில் பிடிமானக் கம்பி போடலாம், சொரசொரப்பான தரை டைல்ஸ் போடலாம். கணக்கு முடிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

புள்ளி வைத்த கோப்பையில் டீ குடித்துக்கொண்டே மாமா எல்லாவற்றையும் கேட்டார். அம்மாவின் பொட்டுக் கமோடைப் பற்றிக் கேட்டதும் தலையாட்டினார்.

"அதான் உங்களுக்குக் கட்டும்" என்றார்.

"ஃபர்ஸ்டும் பாத்தோம் மாமா. யோசிக்கிறோம்" என்றேன் நான்.

அப்போதுதான் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "வூடு பூரா செகண்ட்ஸு. இதுல அது ஒண்ணு மட்டும் ஃபர்ஸ்ட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சம்பாதிக்கிறேன். என் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. "கேக்குது மாமா. ஃபர்ஸ்ட்தான் வாங்கப் போறோம்" என்றேன்.

"அப்பிடின்னா நம்ம கடைக்கே வந்துடு. ஆனா வெல கூட இருக்கும். ஒனக்குக் கட்டுமான்னு பாத்துக்க."

கட்டும் என்று காட்டவே மறுநாள் போனேன். அந்தக் கேள்வி ஏளனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது விற்பனை. இது எனக்குப் புரிய ஒரு சாவு வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் பீங்கானைத் தட்டாமல் யாரும் வாங்கமாட்டார்கள். அகல் விளக்கு வாங்கும் சிறுபிள்ளைகூட விரலால் சுண்டிப் பார்க்கும். ஆனால் சொந்தக்காரர் கடையில் தட்டுவதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பது போன்ற அவமரியாதை அது. அம்மாவின் கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. மடக்கிய விரல் பீங்கானைத் தொடும் முன்பே கல்லாவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"இன்னா புள்ள, எங் கடையிலயே தட்டிப் பாக்குறியா?"

"இல்லண்ணா, சும்மா..."

"உன் கம்பெனி சரக்குதான் அது. நீ தட்டி அனுப்புனதுதான். உன் கை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். நான் கமோடின் மேல் ஒட்டியிருந்த தங்க நிற ஸ்டிக்கரைப் பார்த்தேன். 'முதல் தரம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். பணத்தைக் கொடுத்தேன். என்னுடைய மூன்று வருஷப் படிப்பும் அந்த ஸ்டிக்கரோடு நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாதான் அன்று சரியாகப் படித்திருப்பார், நாங்கள் விடவில்லை.

கொத்தனார் வந்து பொருத்தினார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் கமோடு மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா மறுபடியும் பின்பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா?"

"பழக்கமில்ல பாப்பா. உக்காந்தா வர மாட்டேங்குது."

"உனக்கு நல்லது பண்ணாத் தாங்காது. இன்னும் ஆயுசுக்கும் புடவையைப் புடிச்சிக்கினே தொங்கு."

அம்மாவிடம் நான் சொன்ன சொற்களிலேயே திரும்ப வாங்க முடியாதவை இவைதான். இவற்றையும் இங்கே அச்சில் போடுகிறேன். பிறர் மேல் வழக்கு எழுதுகிறவள் தன் பங்கை மறைக்கக் கூடாது.

அடுத்த மாதம் ஒரு வளைகாப்பில் மாமா எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன். அந்த வூட்டுக்கு ஃபர்ஸ்ட்டு ஒத்துக்காது." அம்மா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா சொல்வது உண்மை என்று நினைத்துக் கூசிப்போயிருந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். சர்க்கரை, வருஷக்கணக்காகத் தின்ற வலி மாத்திரை, போதாத தண்ணீர் என்று டாக்டர் பல காரணங்கள் சொன்னார். ஆகவே மாமா அம்மாவைக் கொன்றார் என்று நான் எழுதமாட்டேன். டாக்டர் சொன்ன காரணங்களில் ஒன்று தண்ணீர் என்பதை மட்டும் எழுதுகிறேன். கடைசி வாரத்தில் நர்சம்மா டம்ளரை நீட்டினால் அம்மா முதலில் கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். பிறகுதான் வாங்குவார், பாதியைத்தான் குடிப்பார்.

அம்மா போன அன்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்றும் சொல்லமாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய உறவினர்கள். அன்றைக்குத்தான் அந்தக் கமோடு முழுதாகப் பயன்பட்டது. மதியத்துக்குள் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கூடம் வரை வந்தது. மறுநாள் கொத்தனார் வந்து சிமெண்டைக் கொத்திப் பெயர்த்து, தூக்கிக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் விரலால் அடியைத் துடைத்துப் பார்த்தார். அவரும் கம்பெனியில் லோடு ஏற்றியவர்தான்.

"பாப்பா, இங்க வந்து பாரு" என்றார். "கோழி மேஞ்சிருக்குது."

அடிப்பாகத்தில் மெருகு இருக்காது. மை உள்ளே இறங்கிவிடும். தேய்த்தாலும் முழுதாகப் போகாது. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். மேலே வெள்ளை பெயின்டும் பூசியிருந்தார்கள். ஈரத்தில் பெயின்ட் உரிந்து, மங்கலாக மூன்று கோடுகள் தெரிந்தன. அம்மாவின் கையெழுத்து. என் அம்மா தட்டிப் பார்த்து, வெளியே போகக் கூடாது என்று ஒதுக்கிய பீஸ், தங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, முதல் தர விலைக்கு அம்மாவின் வீட்டுக்கே வந்திருந்தது.

எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "இத எறக்கி வாசல்ல வச்சாங்கல்ல, அன்னிக்கே உங்கம்மா கொய்யாக் குச்சியால ஒரு தட்டு தட்னாங்க. ஒரே தட்டுதான். அப்பறம் அதும் பக்கத்துலயே ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தாங்க. இன்னாக்கான்னு கேட்டேன். 'ஒண்ணுமில்லடி. பாப்பா ஆசையா வாங்குனது. அண்ணன் கடை வேற'ன்னாங்க."

அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். எடை தாங்காது என்று தெரிந்த ஒன்றின்மேல் அவர் உட்காரவில்லை. அண்ணனைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, படித்த மகளை முட்டாளாக்கவும் இல்லை. பழக்கமில்லை என்று சொல்லி, முட்டாள் பட்டத்தைத் தானே வாங்கிக்கொண்டு, பின்பக்கம் போய்ப் புடவையைப் பிடித்தார். தண்ணீரை இன்னும் குறைத்தார்.

அன்றே போனில் படம் எடுத்துக்கொண்டு மாமாவின் கடைக்குப் போனேன். மாமா படத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆளுங்க மாத்தி ஏத்தியிருப்பானுங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"ஸ்டிக்கரையும் ஆளுங்களே மாத்தி ஒட்னாங்களா மாமா?"

"செத்தவங்கள வச்சி சண்ட இழுக்காத. வேற பீஸு அனுப்பறேன், போட்டுக்க. காசு வேணாம்."

"யாரு குந்தறதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

பெரியவர்கள் சிலர் சமாதானம் பேச வந்தார்கள். மன்னித்துவிடு, அம்மாவே பொறுத்துக்கொண்டார் என்றார்கள். அம்மா பொறுத்தது அம்மாவின் குணம். எனக்கு அந்தக் குணம் வரவில்லை. என்னைப் படிக்க வைத்தவரும் அவரேதான். படித்ததை எழுதாமல் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் பாட்டில் நிறைந்தே திரும்புவதைக் கவனித்துச் சொன்ன எதிர் வீட்டு அக்காவுக்கு. பெயர்த்த வேலைக்குக் கூலி வாங்க மறுத்த கொத்தனாருக்கு. புதுச்சேரியில் முறைவைத்துத் துணைக்கு இருந்த கம்பெனிப் பெண்கள் ஐந்து பேருக்கு. ஒவ்வொரு நாளும் ஒருவர் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் கேட்டும் ஒரு மாதம் விடுப்பு கொடுத்த என் மேலாளருக்கு. மாமாவுக்கும் ஒரு நன்றி. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தொழில் தெரிந்திருக்காது.

அம்மா சொன்ன அந்தப் பொட்டுக் கமோடு கம்பெனியில் விற்காமல் கிடந்தது. இந்தமுறை நானே தட்டினேன். தெருக் கோடி வரை கேட்டது. அதுதான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, பக்கத்தில் பிடிமானக் கம்பியோடு. முழங்கால் முடியாத உறவினர்கள் இன்று தாராளமாகப் பயன்படுத்தலாம். தண்ணீரும் வேண்டிய மட்டும் குடிக்கலாம்.

டைல்ஸ் தொழிற்சாலை வேலையைச் சென்ற மாதம் விட்டுவிட்டேன். கடலூர் சாலையில், மாமாவின் கடைக்கு நேர் எதிரே, மூடிக்கிடந்த கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கம்பெனிப் பெண்கள் ஐந்து பேரில் இருவர் என்னோடு வருகிறார்கள். முதலாளியிடம் பேசி முதல் லோடு எடுத்துவிட்டேன். புள்ளி வைத்ததைப் புள்ளி தெரியும்படி கவிழ்த்து வைப்போம். வாசலில் ஒரு கமோடு கவிழ்ந்திருக்கும், கோழிக்கால் வெளியே தெரியும்படி. கேட்கிறவர்களுக்கு அது எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வேன். அதன் பக்கத்தில் சங்கிலியில் அம்மாவின் கொய்யாக் குச்சி தொங்கும். யாரும் தட்டிப் பார்த்து வாங்கலாம். சொந்தக்காரர்கள் இரண்டு தட்டுத் தட்டலாம்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் காலை முதல்முறையாக ஷட்டரைத் தூக்கினேன். எதிரே கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார். நான் குச்சியை எடுத்து, வாசலில் கவிழ்ந்திருந்த அந்தக் கமோடை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். டொப் என்றது. சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.